வயிற்றுப் பத்தியம்

கொழிஞ்சாம்பாறை
3-7-1977

பூவாத்தாளுக்கு நாச்சம்மாள் எழுதுவது. இங்கே தோட்டமும் மாடும் மனிதரும் இருந்தபடி இருக்கிறோம். நீயும் என் தம்பி காளிச்சாமியும் ஏலப்பாறைக் குளிரில் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள்.

உன் மகள் கமலாத்தாள் முழுகாமல் இருப்பது உனக்குத் தெரிந்ததுதான். தெரியாத சேதி ஒன்று இருக்கிறது. ஐந்தாம் மாதம் ஆயிற்றே என்று அவளை டவுன் ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போனோம். சிறுநீர் பரிசோதித்துவிட்டுச் சர்க்கரை இருக்கிறது என்கிறார்கள். இருபது வயதுப் பெண்ணுக்கு! எங்கள் வம்சத்தில் இந்தச் சீக்கு எவருக்கும் கிடையாது. உன் அப்பன் கால் அழுகிச் செத்தார் என்று கல்யாணப் பேச்சின்போதே ஒருத்தி என் காதில் போட்டாள். தம்பி மகளை வெளியே விடக்கூடாது, உரிமைப் பெண் என்று நான்தான் அதைத் தள்ளிவிட்டுக் கந்தப்பனுக்கு எடுத்தேன். என் மகன் தலையில் உங்கள் வீட்டுச் சீக்கை நானே கட்டிவைத்திருக்கிறேன்.

போகட்டும். கமலாத்தாளுக்குப் பத்தியம் போட்டுவிட்டேன். காலையில் கஞ்சித் தண்ணீர், மத்தியானம் ரெண்டு கரண்டி ரசஞ்சோறு, பொழுது சாய்ந்தால் ஒரு இட்லி. பால், நெய், தேங்காய் எதுவும் கிடையாது. சர்க்கரையும் அடங்கும், பிள்ளையும் சின்னதாக நழுவி வந்துவிடும். உனக்கு நான் செய்த அதே பத்தியம்தான். நீ என்ன கெட்டா போய்விட்டாய்?

நாச்சம்மாள்


ஏலப்பாறை
14-7-1977

நங்கையா அவர்களுக்குப் பூவாத்தாள் வணக்கம்.

கெட்டா போய்விட்டாய் என்று கேட்டிருக்கிறீர்கள். இருபது வருடமாக இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்.

முதலில் என் அப்பாவை விடுங்கள். அவர் கால் அழுகியது உங்கள் ஊர்க் காட்டில் கருவேல முள் ஏறி. சர்க்கரையால் இல்லை. செத்தவருக்குச் சீக்கு ஒட்டவைக்க வேண்டாம்.

என்னைப் பெற்றவள் உயிரோடு இல்லை. அதனால் கமலாத்தாளை வயிற்றில் வைத்திருந்த என்னை உங்கள் வீட்டில் விட்டுவிட்டு உங்கள் தம்பி கடை பிடிக்க மலையேறினார். அந்த மாதங்களில் நான் தின்றது என்ன என்று உங்களுக்கும் உங்கள் அடுப்புக்கும் தெரியும். நீங்கள் பருத்திக் காட்டுக்குப் போன சமயம் பார்த்து, மாட்டுக்கு ஊறவைத்த புண்ணாக்கைக் கிள்ளி வாயில் போட்டிருக்கிறேன். கேட்டால் பத்தியம் என்பீர்கள். கமலாத்தாள் பிறந்தபோது ஒரு கையில் அடங்கினாள். எவ்வளவு சுலபமாகப் பிறந்துவிட்டது பார் என்று ஊருக்கெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டீர்கள்.

இங்கே எஸ்டேட் ஆசுபத்திரியில் ஒரு லேடி டாக்டர் இருக்கிறார். உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே அவரிடம்தான் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நீங்கள் உண்டாகியிருந்தபோது என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அதற்கு அவர் சொன்னதை உங்களுக்கு எழுதுகிறேன். வெளிநாட்டில் ஒரு யுத்த காலத்தில் சோறில்லாமல் போயிற்றாம். அப்போது தாய் வயிற்றில் இருந்த பிள்ளைகளைப் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற வயதில் நிறுத்துப் பார்த்திருக்கிறார்கள். கரு உண்டான புதிதில் பட்டினியைப் பார்த்தவர்களில் நிறையப் பேர் ஊதிப்போய் இருந்தார்களாம். தாய் பட்டினி கிடந்தால், வெளியே சோறு கிடைக்காது, கிடைத்ததைப் பிடித்துவை என்று பிள்ளையின் உடம்பு உள்ளேயே பழகிவிடும்போல என்கிறார். விதை அதே விதைதான், அதில் எது விழிக்க வேண்டும் எது தூங்க வேண்டும் என்பது மட்டும் மாறுகிறதாம். ஏலத்தோட்டத்தில் தேனீ வளர்க்கிறார்களே, ஒரே மாதிரி முட்டையில் ராணியும் வருகிறது, வேலைக்கார ஈயும் வருகிறது, எல்லாம் ஊட்டுகிற தீனியில் இருக்கிறது என்றார். இதெல்லாம் இப்போதுதான் ஆராய்கிறார்கள், முடிவாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். அதற்கு மேலும் ஏதோ விவரமாகச் சொன்னார். எனக்கு அதற்குள் அழுகை முட்டிவிட்டது, காதில் ஏறவில்லை.

ஆக இது எங்கள் வீட்டுச் சீக்கு இல்லை. உங்கள் வீட்டு அடுப்படியில், உங்கள் கையால் வந்த சீக்கு. என் மகளுக்குச் செய்தது போதும். அவள் வயிற்றில் இருப்பதற்கும் அதையே செய்ய விடமாட்டேன். அவளை அனுப்பிவையுங்கள்.

பூவாத்தாள்


கொழிஞ்சாம்பாறை
25-7-1977

பூவாத்தாளுக்கு,

எழுதப் படிக்கத் தெரிந்தால் என்ன வேண்டுமானாலும் எழுதலாம் போலிருக்கிறது. யாரோ வெள்ளைக்காரன் பட்டினி கிடந்ததற்கும் என் அடுப்படிக்கும் முடிச்சுப் போடுகிறாய்.

நீ புண்ணாக்குத் தின்றது எனக்குத் தெரியும். தெரிந்துதான் பேசாமல் இருந்தேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். கந்தப்பன் என் மூத்த பிள்ளை இல்லை. அவனுக்கு முன்னால் ஒன்று பிறந்தது. முதல் பிரசவம் என்று தாய்வீட்டில் ராணி மாதிரி வைத்திருந்தார்கள். கேட்டதெல்லாம் தின்றேன். பிள்ளை வயிற்றுக்குள் கொழுத்துப்போய் வெளியே வர முடியாமல் செத்தது. மருத்துவச்சி அதை எப்படி வெளியே எடுத்தாள் என்பதை எழுத எனக்குக் கை வராது. அடுத்தது கந்தப்பன் என்றதும் வாயைக் கட்டினேன், வயிற்றைக் கட்டினேன். நோஞ்சானாகத்தான் பிறந்தான், ஆனால் உயிரோடு பிறந்தான். உனக்கும் அதனால்தான் செய்தேன். உன்மேல் எனக்கு என்ன பகை? என் தம்பி பெண்டாட்டியைப் பட்டினி போட்டுப் பார்த்து ரசிக்கவா செய்தேன்?

உன் பிள்ளை உயிரோடு வந்தது. அதை வளர்த்துக் கல்யாணமும் செய்தாய். அதற்கு நன்றி வேண்டாம், நீயே வைத்துக்கொள். கமலாத்தாளை இப்போது அனுப்ப முடியாது. கட்டுச்சோறு கொண்டுவருகிற முறை இருக்கிறதல்லவா, அப்போது வந்து அழைத்துப்போ.

நாச்சம்மாள்


ஏலப்பாறை
22-9-1977

நங்கையா அவர்களுக்கு,

கமலாத்தாள் நல்லபடியாக வந்து சேர்ந்து மூன்று வாரம் ஆயிற்று. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் தூங்கினாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. உங்கள் தம்பி அவளைப் பார்த்துவிட்டுக் கடைக்குள் போய் மூட்டையைப் புரட்டுகிற மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அன்றைக்கு நடந்ததை நான் மறக்கப்போவதில்லை. மலையிலிருந்து வந்து, சொந்தக்காரர் வீட்டில் தங்கி, எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர் என்று அத்தனை வகைச் சோறும் என் கையால் கிண்டி எடுத்து வந்தேன். வயிற்றுப்பிள்ளைக்காரி ஆசைதீரச் சாப்பிடத்தான் கட்டுச்சோறு. இலையில் வைத்த சோற்றில் அவள் நாலு வாய்கூட வைக்கவில்லை. “போதும், எந்திரி கண்ணு” என்று கூடியிருந்த உறம்பரைச் சனம் முன்னால் இலைக்குக் குறுக்கே கை நீட்டினீர்கள். நான் உங்கள் கையைப் பிடித்துத் தள்ளியது தப்புத்தான், வயதுக்கு மரியாதை கொடுத்திருக்க வேண்டும். ஆனால் மறுபடி அப்படி நடந்தால் மறுபடியும் தள்ளுவேன். நாம் இருவரும் கத்திக்கொண்டிருந்தபோது கமலாத்தாள் அழுதுகொண்டே தின்றாள். உங்கள் மகன் கந்தப்பன் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இங்கே வந்ததும் எஸ்டேட் நர்ஸ் பிலோமி சிறுநீரை வாங்கி மருந்து ஊற்றிக் காய்ச்சிப் பார்த்தாள். நீலமாக இருக்க வேண்டியது செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. “அக்கா, நெறத்தப் பாத்தீகளா? புள்ளய பத்தியமா வச்சிருங்க. டாக்டரம்மா வரச் சொன்னாக” என்றாள். பத்தியம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பேச்சு என் வீட்டில் கூடாது, ஒரு பத்தியத்தின் லட்சணம்தான் இதோ உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பாவம், நல்ல பெண்தான். அதற்கப்புறமும் ரெண்டு தரம் வந்தாள், நான் வாசலைத் தாண்ட விடவில்லை.

பட்டினியால் வந்ததைச் சோற்றால்தானே போக்க வேண்டும்? காலையில் நெய் விட்ட தோசை, இடையில் கருப்பட்டி போட்ட பால், மத்தியானம் வேண்டுமட்டும் சோறு, கறி. மாட்டுப்பட்டிப் பால்பண்ணையிலிருந்து வரும் லாரிக்காரரிடம் வெண்ணெய் சொல்லிவைத்திருக்கிறேன். அவள் சின்னக் குழந்தையாக இருந்தபோதும் இப்படித்தான் ஊட்டித் தேற்றினேன். இப்போது வயிறு நன்றாக மேலே ஏறியிருக்கிறது. பார்த்தால் நீங்களே அசந்துபோவீர்கள்.

பூவாத்தாள்


கொழிஞ்சாம்பாறை
6-10-1977

பூவாத்தாளுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதைக் கந்தப்பனிடம் கொடுத்து டவுன் ஆசுபத்திரி டாக்டரிடம் காட்டச் சொன்னேன். தாய் ரத்தத்தில் சர்க்கரை கூடினால் அது பிள்ளைக்கும் போய், பிள்ளை உள்ளேயே அளவுக்கு மீறிக் கொழுக்குமாம். உடனே பெரிய ஆசுபத்திரியில் சேர்த்து ஊசி போட வேண்டும் என்கிறார். நான் போட்ட பத்தியமும் கூடாதாம். என்னையும் திட்டினார் என்று கந்தப்பன் சொன்னான். திட்டட்டும்.

வயிறு மேலே ஏறியிருக்கிறது என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். எனக்கு அந்த வயிறு தெரியும் பூவாத்தா. நான் சுமந்த வயிறு அது.

நான் யாரிடமும் கெஞ்சினவள் இல்லை. உன்னிடம் கெஞ்சுகிறேன். கந்தப்பனை அனுப்புகிறேன். அவளை அவனோடு கோயமுத்தூர் ஆசுபத்திரிக்கு அனுப்பு. என் கையால் ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கமாட்டேன். சத்தியம்.

நாச்சம்மாள்


ஏலப்பாறை
17-11-1977

நங்கையா,

பிள்ளை போய்விட்டது. ஆண்பிள்ளை.

தலை வந்துவிட்டது, தோள் வரவில்லை. டாக்டரம்மா கட்டிலில் ஏறி மண்டி போட்டு இழுத்தார். எடுத்தபோது நீலம் பாரித்திருந்தது. எடை பத்து ராத்தல் இருந்தது. ரெண்டு மாதப் பிள்ளை மாதிரி கை கால் எல்லாம் மடிப்பு மடிப்பாக இருந்தது. கமலாத்தாள் பிழைத்துவிட்டாள், ரத்தம் நிறையப் போய்விட்டது.

கந்தப்பனை வரச் சொல்லுங்கள். முன்பு வந்தபோது வாசலோடு திருப்பி அனுப்பினேன் என்பதை மனதில் வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பூவாத்தாள்


கொழிஞ்சாம்பாறை
2-12-1977

பூவாத்தாள்,

கமலாத்தாள் வந்து சேர்ந்தாள். உனக்கு அது போதும் என்று நினைக்கிறேன்.

என் அடுப்படியில் சீக்கு வந்தது என்று எழுதினாயே. உன் அடுப்படியில் என்ன வந்தது என்று இப்போது எழுது, படிக்கிறேன். நான் பட்டினி போட்டவள். ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் நீ சொன்னபடியே வைத்துக்கொள்வோம். என் பட்டினியில் எதுவும் சாகவில்லை. என் பேரனை நீ நெய் ஊற்றிக் கொன்றாய். நர்ஸ் சொன்னாள், கேட்கவில்லை. டாக்டர் கூப்பிட்டார், போகவில்லை. நான் கெஞ்சினேன். என் மகன், தன் பெண்டாட்டியைக் கூப்பிட வந்தவன், ஏலப்பாறைக் கடைவீதியில் மழையில் நின்றுவிட்டுத் திரும்பினான். எல்லாம் எதற்கு? என்னை ஜெயிப்பதற்கு. ஜெயித்துவிட்டாய், நன்றாக இரு.

அவளுக்குப் பால் கட்டிக்கொண்டு வலிக்கிறது. பால் வற்ற மல்லிகைப்பூ வைத்துக் கட்டுகிறேன். நான் தொட்டால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறாள். உன்மேல் இருக்கிற கோபத்தை என்மேல் காட்டுகிறாள் என்று இருந்துவிட்டேன்.

இனி இந்த வீட்டுக்குக் கடிதம் போடாதே.

நாச்சம்மாள்


ஏலப்பாறை
20-2-1978

சம்பந்தியம்மாளுக்கு,

கடிதம் போடாதே என்றீர்கள். கமலாத்தாளுக்கு நான் எழுதிய கடிதங்கள் பிரிக்காமலே திரும்பி வருகின்றன. நீங்கள்தான் திருப்புகிறீர்கள் என்று ரெண்டு மாதமாக உங்களைக் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தேன். போன வாரம் வந்த உறையில் திருப்பி அனுப்பவும் என்று எழுதியிருந்தது அவள் கையெழுத்து. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

லேடி டாக்டரை மறுபடி போய்ப் பார்த்தேன். அன்றைக்கு என் காதில் ஏறாததைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். உள்ளே இருக்கும்போது பட்டினிக்குப் பழகிய உடம்பில் வெளியே வந்ததும் நிறையக் கொட்டினால் அதனால் தாங்க முடியாது, சர்க்கரை அப்படித்தான் வருகிறது, கமலாத்தாளுக்கு அளந்துதான் கொடுத்திருக்க வேண்டும் என்றார். பட்டினியும் இல்லை, விருந்தும் இல்லை, அளவு. பிலோமி சொன்ன பத்தியம் அதுதான். உங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருந்தது. அந்த அர்த்தம்தான் எனக்குத் தெரியும். பத்தியம் என்று சொல்லாமல் அவள் வேறு எந்தச் சொல்லைச் சொல்லியிருந்தாலும் நின்று கேட்டிருப்பேன்.

நான் கொன்றேன் என்கிறீர்கள். இருக்கட்டும். அவள் குழந்தையாக இருந்தபோது பூனைக்குட்டி மாதிரி இருக்கிறாளே என்று நான் ஊட்டிய ஒவ்வொரு வாயும் உங்கள் பட்டினிக்கு ஈடுகட்ட ஊட்டியது. நீங்கள் தொடங்கியதை நான் முடித்தேன். இதில் உங்களுக்குப் பங்கில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள், எனக்கு வயிறு எரிகிறது.

ஒன்று கேட்கிறேன். கந்தப்பனையும் பட்டினி கிடந்துதானே பெற்றீர்கள்? டாக்டரம்மா கேட்கச் சொன்னார். அவனுக்கும் ஒருதரம் பரிசோதித்துப் பாருங்கள்.

கமலாத்தாள் என்ன சாப்பிடுகிறாள், எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி போடுங்கள். அதற்காக உங்கள் காலில் விழவேண்டும் என்றாலும் விழுகிறேன். மனதார விழமாட்டேன்.

பூவாத்தாள்


கொழிஞ்சாம்பாறை
11-9-1978

பூவாத்தாளுக்கு,

உனக்குப் பதில் போடுவதில்லை என்றுதான் இருந்தேன். கந்தப்பனைப் பரிசோதிக்கச் சொன்னாயே, அந்த ஆத்திரத்தில் உன் கடிதத்தை அடுப்பில் போட்டேன். அதற்கு முன்பே அதைப் படித்திருந்தவன், அவனே போய்ப் பரிசோதித்துக்கொண்டான். அவனுக்கும் இருக்கிறது. எங்கள் வம்சத்தில் இல்லாத சீக்கு என்று இனி நான் எந்த வாயால் சொல்வது? அவன் என்னிடம் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் தேவலை. இங்கே இருந்தவரைக்கும் சோறு போடும்போது தட்டைக் கையால் மூடிக்கொள்வான், அவ்வளவுதான்.

சித்திரைக்கு அப்புறம் ரெண்டு பேரும் கோயமுத்தூரில் வாடகைக்கு வீடு பிடித்துப் போய்விட்டார்கள். இவன் மில்லில் வேலை பார்க்கிறான். தோட்டத்தை நான் குத்தகைக்கு விட்டிருக்கிறேன். போன வாரம் அங்கிருந்து வந்த ஒருத்தி சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. கமலாத்தாள் மறுபடியும் உண்டாகியிருக்கிறாள். எத்தனை மாதம் என்று தெரியாது. எனக்கும் சொல்லவில்லை, உனக்கும் சொல்லியிருக்க மாட்டாள்.

கேட்டதும் மனசு நிற்கவில்லை. இந்தத் தடவை பட்டினி கிட்டினி என்று வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு, ராகியும் கீரையும் கொஞ்சம் கொள்ளும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அவள்தான் கதவைத் திறந்தாள். தெளிவாக இருக்கிறாள், முகம் நன்றாக இருக்கிறது, அதை உனக்குச் சொல்லிவிடுகிறேன். வாரம் ஒருதரம் ஆசுபத்திரிக்குப் போகிறாளாம், ஊசி போட்டுக்கொள்கிறாளாம், அவளே அளந்து அவளே சமைக்கிறாளாம். எல்லாம் நின்றபடியே சொன்னாள். உட்காரச் சொல்லவில்லை. நான் பையை உள்ளே வைக்கப் போனேன். அவள் குறுக்கே வந்து நின்றுகொண்டாள்.

“அத்தை, நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாமுங்க. அம்மாவும் வர வேண்டாமுங்க. என்ர வயித்தை நீங்க ரெண்டு பேரும் உட்டுருங்க.”

சத்தம் போடவில்லை. கும்பிட்டுத்தான் சொன்னாள். பெரியவர்களை வழியனுப்புகிற மாதிரி தெருமுனை வரைக்கும் கூடவே வந்தாள். பஸ் வரும்வரை நின்றாள், என் பையை அவளே தூக்கிக்கொடுத்தாள்.

உனக்கு எழுத வேண்டாம் என்றும் சொன்னாள். பிள்ளை பிறந்தால் அவளாகத் தெரிவிப்பாளாம், எப்போது என்று சொல்லவில்லை. உன்னைப் பார்த்தால் எனக்கு இப்போதும் பிடிக்காது, அது மாறவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து பையைப் பிரித்து வைத்தபிறகு இதை யாரிடம் சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன், உன்னைத் தவிர எனக்கு ஆளில்லை.

நாச்சம்மாள்